ரிவர்ஸ் இல்லாத ரோபோ

எங்கள் ரோபோ முன்னால் போகும். இடப்பக்கம் திரும்பும், வலப்பக்கம் திரும்பும். பின்னால் மட்டும் போகாது. ஏன் போகாது என்பது போட்டியன்று காலை பத்து மணிக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. சரிசெய்ய இரண்டு வெட்டு போதும். கட்டர் என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனாலும் நான் வெட்டவில்லை, ஏனென்றால் வெட்டினால் என் அக்கா வீட்டுக்கு வர மாட்டாள். வயருக்கும் அக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தால் கேட்க மாட்டார்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. இராஜபாளையத்துக்கு வெளியே ஒரு பாலிடெக்னிக்கில் நான் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அக்காவை ஸ்ரீவில்லிபுத்தூரில் கொடுத்திருந்தோம். மச்சான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் ஊர் ஸ்பின்னிங் மில் ஒன்றில் எலக்ட்ரீஷியன். நல்ல வேலைக்காரர். அவர் வயரிங் செய்த பேனலைத் திறந்தால் தலை வாரிப் பின்னிய சடை மாதிரி இருக்கும் என்று மில்லில் சொல்வார்கள். அந்தப் பேச்சு அவர் காதிலும் விழுந்திருந்தது. அதுதான் எங்களுக்குச் சிக்கலாகப் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த இடத்தில், எங்கள் வீட்டு மிக்சியின் பிளக் கருகிப் போயிருந்ததைப் பார்த்துப் புதிதாக மாற்றிக் கொடுத்தார் மச்சான். அவ்வளவுதான் செய்தார். என் அத்தாவோ, அதாவது அப்பா, பேண்டேஜ் துணி கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். எதையும் இரண்டாம் முறை பார்க்காமல் விட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வீட்டைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். பிறகு என்னையும் இழுத்துப் பார்க்கச் சொல்வார். மறுநாள், எங்கள் தெருவில் இருந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, "எதுக்கும் ஒரு தடவ பாத்துரு" என்று மிக்சியை நீட்டிவிட்டார்.

அந்த எலக்ட்ரீஷியனும் மச்சானும் ஒரே டீக்கடையில் டீ குடிப்பவர்கள். அத்தா ஆளைக் கூப்பிட்டுக் காட்டிய செய்தி மட்டும் மூன்றாம் நாளே போய்ச் சேர்ந்தது. மச்சான் கோபப்படவில்லை, சண்டைக்கு வரவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பெருநாளைக்கும் வரவில்லை. மாப்பிள்ளை வராத வீட்டுக்கு மகள் மட்டும் வருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அக்காவை யாரும் தடுக்கவில்லைதான். "அவிய வராம நான் மட்டும் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வாரது" என்று அவளே நின்றுகொண்டாள். இப்படி எட்டு மாதம்.

இதில் கொடுமை என்னவென்றால், மச்சான் மில்லுக்கு வரும் டவுன் பஸ் தினமும் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போகும். அம்மா சரியாக அந்த நேரத்துக்குக் கொத்தமல்லி வாங்கத் தெருமுனைக்குப் போவாள். பஸ் போகும். மச்சான் அம்மா நிற்காத பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்திருப்பார். அம்மா கொத்தமல்லியோடு திரும்பி வருவாள். அந்த எட்டு மாதமும் எங்கள் வீட்டு ரசத்தில் ரசத்தைவிடக் கொத்தமல்லி அதிகம்.

நான் சின்னப் பையன் என்பதால் எனக்கு மட்டும் அந்த வீட்டுக்குப் போக வர அனுமதி இருந்தது. மாதம் ஒரு முறை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் அக்காவைப் பார்ப்பேன். அம்மாவின் முட்டிவலியைப் பற்றிக் கேட்பாள். அத்தா எப்படி இருக்கிறார் என்று கேட்க மாட்டாள். அவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்பாள். மச்சான் பேப்பருக்குப் பின்னால் இருப்பார்.

அப்படி ஒரு நாள் ரோபோவைப் பற்றிச் சொன்னேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் அறிவியல் கண்காட்சி வைக்கிறார்கள், அதில் ரோபோ போட்டி, நானும் என் வகுப்புத் தோழன் ஒருவனும் சேர்ந்து செய்கிறோம் என்றேன். மில்காரர்கள் ஊர் என்பதால் போட்டியும் அதற்குத் தகுந்தாற்போல்தான். நூல் சுற்றும் காகிதக் கோன்களைத் தரையில் பரப்பி வைத்திருப்பார்கள். ரோபோ அவற்றைத் தள்ளிக்கொண்டு போய் மூலையில் வரைந்திருக்கும் கட்டத்துக்குள் சேர்க்க வேண்டும். மூன்று நிமிடம்.

"மோட்டாரு உண்டா?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து கேள்வி வந்தது.

"ரெண்டு மோட்டார் மச்சான். லாரி வைப்பர் மோட்டார்."

பேப்பர் ஒரு பக்கம் புரண்டது. பிறகு, "வயரிங் யாரு?" என்றது.

"நான்தான்."

பேப்பர் மடிக்கப்பட்டது. எட்டு மாதத்தில் அன்றுதான் மச்சானின் முகத்தை முழுசாகப் பார்த்தேன். அடுத்த ஞாயிறு காலை டவுன் பஸ் எங்கள் தெருமுனையில் நின்றது, அவர் இறங்கினார்.

அவர் வந்த நேரம் அம்மா அடுப்பில் இருந்தாள். அத்தா வாசலில் இருந்தார். மச்சான் சலாம் சொன்னார். சலாத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது, அத்தாவும் சொன்னார். அத்தோடு இருவருக்கும் அன்றைய பேச்சு முடிந்தது. ஆனால் எட்டு மாதத்துக்குப் பிறகு அதுவே ஏராளம். அம்மா அழுதுகொண்டே கோழி அறுக்க ஆள் தேடப் போனாள்.

மச்சான் நேராக என் ரோபோவுக்குப் போனார்.

அது எப்படி இருந்தது என்று சொல்லிவிட வேண்டும். ஒரு ப்ளைவுட் பலகை, இரண்டு சக்கரம், சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு வைப்பர் மோட்டார், முன்னால் உருளும் ஒரு சின்னச் சக்கரம். பேட்டரியைச் சுந்தரபாண்டியத்திலிருந்து என் தோழன் கொண்டு வருவான். அவன் அண்ணனின் பைக்கிலிருந்து கழற்றியது. அண்ணன் அன்று பைக்கைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்வார். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா. அதுதான் கன்ட்ரோலர். உள்ளே மதுரையில் வாங்கிய நாலு ரிலே, ஒரு பீங்கான் ப்யூஸ். டப்பாவிலிருந்து ஒரு நீளமான கேபிள் வந்து என் கையிலுள்ள இரண்டு சுவிட்சில் முடியும். சுவிட்சை மேலே தள்ளினால் அந்தப் பக்கத்து மோட்டார் முன்னால் ஓடும், கீழே தள்ளினால் பின்னால் ஓடும், விட்டால் நிற்கும்.

ரிலேக்கள் செய்வது சின்ன வேலைதான். மோட்டாருக்கு இரண்டு வயர், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. சிவப்புக்குப் பிளஸ்ஸும் கறுப்புக்கு மைனஸும் கொடுத்தால் மோட்டார் முன்னால் சுற்றும். மாற்றிக் கொடுத்தால் பின்னால் சுற்றும். அந்த மாற்றிக் கொடுக்கிற வேலையைத்தான் ரிலே பார்க்கிறது. ஆகவே கறுப்பு வயர் நிறத்தில்தான் கறுப்பு. ரிவர்ஸ் போட்டதும் பிளஸ் அதில்தான் ஓடும். இந்த ஒரு விஷயத்தை மச்சானிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் கேட்கவில்லை, பத்து வருட சர்வீஸ்காரரிடம் நானாக எப்படிச் சொல்வது என்று நானும் சொல்லவில்லை.

டப்பாவைத் திறந்து பார்த்தவர், "என்னலே இது, கோழி கெளறிப் போட்ட மாதிரி கெடக்கு" என்றார்.

"ஓடுது மச்சான்."

"ஓடுறதுக்கென்ன, எல்லாந்தான் ஓடும். திறந்து பாத்தா கண்ணுக்கு நெறவா இருக்கணும்ல. கொண்டா, நான் வீட்டுக்குக் கொண்டுபோயி டிரெஸ்ஸிங் பண்ணித் தாறேன். போட்டியன்னிக்குக் கையில தந்துருதேன்."

டிரெஸ்ஸிங் என்பது வயர்களை ஒழுங்குபடுத்திக் கட்டுவது. ரோபோ வேலைக்காக வந்திருந்த என் தோழன் என்னைப் பார்த்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா, கையில் உரித்த வெங்காயத்தோடு, கொடு கொடு என்று தலையாட்டினாள். கொடுத்தேன். அன்று சாப்பிட்டுக் கைகழுவும்போது மச்சான் அம்மாவிடம், "போட்டி முடிஞ்சதும் அவளைக் கூட்டிட்டுப் போங்க மாமி. ஒரு வாரம் இருந்துட்டு வரட்டும்" என்றார். அம்மா மறுநாள் பஸ் நேரத்துக்குக் கொத்தமல்லி வாங்கப் போகவில்லை.

போட்டி நாளன்று ஹாலுக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். அம்மா பிரியாணிச் சட்டியோடு. அத்தா, யாருக்காவது கையில் அடிபட்டால் இருக்கட்டும் என்று காயத்துக்குக் கட்டும் காஸ் துணி ஒரு சுருளோடு. அக்கா மடியில் ஒரு நீல ரெக்சின் பையோடு. ஒரு வாரத்துக்கான துணிமணிகள் அதில் இருந்தன. போட்டி முடிந்ததும் அப்படியே இராஜபாளையம் பஸ் ஏறுவதாக ஏற்பாடு. அவள் அந்தப் பையைக் கீழே வைக்கவே இல்லை.

மச்சான் டப்பாவை ஒரு புதுத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். திறந்தேன். பொய் சொல்லக் கூடாது, கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வயரும் ஒரே அளவில் வெட்டி, முனைக்கு முனை லக் என்னும் உலோகக் கொண்டி அடித்து, மில் நூலை மெழுகில் தோய்த்து விரல் அகலத்துக்கு ஒரு முடிச்சாகப் போட்டு, மூலையில் மட்டமாக மடக்கி வைத்திருந்தார். என் தோழன் வாயைப் பிளந்தான். எல்லாவற்றையும் பலகையில் மாட்டினோம். முன்னால் ஓட்டினேன், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போயிற்று. ரிவர்ஸ் தட்டினேன். பேட்டரி கிளிப்பில் பளீரென்று ஒரு பொறி. சட்டென்று விட்டுவிட்டேன்.

மச்சான் அப்போது ஹால் வாசலில் யாருக்கோ எங்கள் ரோபோவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் டப்பாவுக்குள் குனிந்து பார்த்தேன். ஓரத்தில், நான் வைக்காத ஒரு பித்தளைத் துண்டு பளபளவென்று இருந்தது. இரண்டு மோட்டார்களின் கறுப்பு வயர்களிலிருந்தும் ஆளுக்கொரு சின்னத் துண்டு வயர் புறப்பட்டு அந்தப் பித்தளையில் வந்து சேர்ந்திருந்தது. பேட்டரியின் மைனஸும் அங்கேதான்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மில்லில் கறுப்பு என்றால் நியூட்ரல், கரண்ட் திரும்பிப் போகிற வழி. எந்தப் பேனலைத் திறந்தாலும் கறுப்பெல்லாம் ஓரிடத்தில்தான் சேரும், சேரவேண்டும். ஒரு கறுப்பு வயர் சேராமல் கிடந்தால் அது அரைகுறை வேலை. மச்சான் என் டப்பாவைத் திறந்திருக்கிறார், இரண்டு கறுப்பு வயர்கள் அநாதையாக ரிலேயோடு நிற்பதைப் பார்த்திருக்கிறார், மனசு கேட்காமல் வீடு சேர்த்துவிட்டிருக்கிறார். இனி ரிவர்ஸ் தட்டினால் பிளஸ் நேராக மைனஸில் போய் விழும். வேறு யாராலும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. வேலை தெரியாதவன் கறுப்பை அப்படியே விட்டிருப்பான்.

"ரெண்டு துண்டையும் வெட்டிவிட்டா சரியாயிரும்ல?" என்றான் தோழன் மெதுவாக.

"ஒரு நிமிச வேலை."

"அப்ப வெட்டு."

நான் கட்டரை எடுத்தேன். மச்சான் திரும்பி வந்துவிட்டார். வந்தவர் ரோபோவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். யாரும் கைவைத்துவிடக் கூடாது என்று காவலுக்கு. தோழன் அவரை டீ குடிக்கக் கூப்பிட்டான். "ட்யூட்டில நான் டீ குடிக்கிறதில்ல" என்றார். மூத்திரம் போக வழி சொன்னான். அதுவும் வேண்டாம் என்றார்.

நான் அக்காவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு ரிலே தெரியாது, பிளஸ் மைனஸ் தெரியாது. ஆனால் நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"பின்னால போகாட்டி என்ன? முன்னால போகுதுல்ல?"

"போட்டியில ரிவர்ஸ் வேணும்க்கா."

"இன்னிக்கு ஒரு நாளைக்கு முன்னாலயே ஓட்டிரு தம்பி. அவிய வேலையில குத்தம்னு நம்ம வீட்டு ஆளு வாயால இன்னொரு தடவ கேட்டாவன்னா, நான் இந்தப் பைய அப்படியே திருப்பிக் கொண்டுபோக வேண்டியதுதான்."

அவள் கெஞ்சவில்லை, சும்மா சொன்னாள். அதனால்தான் என்னால் மறுக்க முடியவில்லை. அம்மாவிடமும் சொன்னேன். "வாயத் தொறக்காத" என்றாள். அத்தாவிடம் சொல்ல எங்கள் மூவருக்குமே தைரியமில்லை. சொன்னால் அவர் இரண்டாம் முறை பார்க்க யாரையாவது கூட்டி வந்துவிடுவார்.

ஆக முன்னாலேயே ஓட்டினேன். ரிவர்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டுவது எப்படி என்று அன்று முழுக்கப் பாடம் படித்தேன். கோனைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டுவதற்கு ஒரு சாண் முன்னால் ஒரு சக்கரத்தை நிறுத்தி மற்றதை ஓடவிட வேண்டும். ரோபோ ஒதுங்கித் திரும்பும், கோன் தானாகக் கட்டத்துக்குள் உருளும். பெரிய வட்டமாகப் போய் அடுத்ததை எடுக்க வேண்டும். மற்ற ரோபோக்கள் முன்னும் பின்னும் முட்டி மோதி இழுத்துக்கொண்டு கிடந்தபோது, எங்களுடையது கல்யாண மண்டபத்தில் பந்தி விசாரிப்பவர்போல் சுற்றிச் சுற்றி வந்தது. நடுவர் மைக்கைப் பிடித்து, ஒரு முறைகூட ரிவர்ஸ் போடாமல் எவ்வளவு தெளிவாகத் திட்டமிட்டு ஓட்டுகிறார்கள் பாருங்கள் என்றார். கைதட்டினார்கள். மச்சான் பக்கத்திலிருந்தவரிடம், "வயரிங் சுத்தமா இருந்தா வண்டி அப்படித்தான் ஓடும்" என்றார். நாங்கள் இறுதிச் சுற்றுக்குத் தேறிவிட்டோம். எங்கள் துரதிர்ஷ்டம்.

இறுதிச் சுற்றில் இரண்டு ரோபோக்கள் ஒரே தரையில் இறங்க வேண்டும். இரண்டாவது நிமிடத்தில் எதிராளியின் ரோபோ வந்து இடித்தது. எங்களுடையது தடுப்புச் செங்கல் மூலையில் போய் மூக்கைச் செருகிக்கொண்டது. இடமும் சுவர், வலமும் சுவர். வழி பின்னால் மட்டும்தான். ஹாலே "ரிவர்ஸ், ரிவர்ஸ்" என்று கத்தியது. நான் சுவிட்சிலிருந்து விரலை எடுத்துவிட்டு நின்றேன். தோற்றுவிடலாம், ஒன்றும் குடிமுழுகிவிடாது என்று நினைத்தேன். அக்கா பையோடு எழுந்து நின்றிருந்தாள்.

மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "கை நடுங்குதா? கொண்டா இங்க" என்று நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் சுவிட்சை வாங்கிக் கீழே தள்ளினார். ரோபோ அசையவில்லை. மில்லில் இறுகிப்போன மோட்டார் அசையாவிட்டால் சுவிட்சை விடாமல் பிடித்துக் கொடுப்பது வழக்கம். அவரும் பிடித்தார். டப்பாவிலிருந்து முதலில் மெழுகு வாசனை வந்தது, பிறகு புகை வந்தது, பிறகு அந்த அழகான நூல் முடிச்சுகள் வரிசையாகத் தீப்பிடித்தன. நான் பாய்ந்து பேட்டரி கிளிப்பைப் பிடுங்கினேன், இரண்டு விரல் வெந்தது. அத்தா அதற்குள் சுவரில் தொங்கிய மணல் வாளியைத் தூக்கிவந்து முழுசாகக் கொட்டினார். பிறகு, எதுக்கும் இருக்கட்டும் என்று இரண்டாவது வாளியையும் கொட்டினார்.

என் விரலுக்குக் காஸ் துணி தயாராக இருந்தது. அத்தா கட்டிக்கொண்டிருக்கும்போது மச்சான் மணலைத் தள்ளிவிட்டு டெஸ்டரால் டப்பாவைக் கிளறினார். அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பித்தளைத் துண்டில் விரலை வைத்தபடி தலையைத் தூக்கினார்.

"காலையில டெஸ்ட் பண்ணும்போதே தெரியுமா?"

தோழன்தான், "தெரியும்ண்ணே" என்றான். அவனுக்கு அவன் அண்ணனின் பேட்டரி கவலை.

"ஒங்க அக்காவுக்கு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா முன்னால் வந்து, "நீங்க என்ன நெனப்பியளோன்னுதான் மாப்பிள்ளை..." என்று தொடங்கி முடிக்காமல் நின்றாள்.

மச்சான் டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகினார். "மில்லுல எனக்குக் கீழ வேல பாக்குறவன்கூட, தப்புன்னா மொகத்துக்கு நேர சொல்லுவான். அம்புட்டு பேரும் தெரிஞ்சுக்கிட்டு என்னையச் சுத்தி நின்னு வேடிக்கை பாத்திருக்கிய." சத்தம் போடவில்லை. அக்காவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். அக்கா அம்மாவிடம் "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அவர் பின்னால் போனாள். பிரியாணிச் சட்டியை நாங்கள் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தோம்.

சொன்னால் கோபித்துக்கொள்வார் என்று சொல்லாமல் இருந்தோம். சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. அதைவிட என்மேல் வந்தது. காலையிலேயே வாயைத் திறந்திருந்தால், ஒரு நிமிட வேலை. அம்மா மறுபடியும் கொத்தமல்லி வாங்க ஆரம்பித்தாள். முதல் வாரம் பொறுத்தேன், இரண்டாம் வாரமும் பொறுத்தேன். மூன்றாம் வாரம் ரசத்தை முகர்ந்து பார்த்ததும், போதும் என்றாகிவிட்டது.

எரிந்த ரிலேக்களையும் வயர்களையும் மாற்றினேன். அந்தப் பித்தளைத் துண்டையும் அதில் வந்து சேரும் இரண்டு துண்டு வயரையும் மட்டும் மச்சான் வைத்தது போலவே வைத்தேன். டப்பாவையும் ஒரு மோட்டாரையும் தோழனிடம் மறுபடி கேட்டு வாங்கிய பேட்டரியையும் பையில் போட்டுக்கொண்டு, மில் லீவான ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவர் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். மச்சான் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். டப்பாவை அவர் முன்னால் வைத்துத் திறந்தேன். அடுக்களை வாசலில் அக்கா, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அவளைப் பார்க்காமல் சொன்னேன்.

"மச்சான், நீங்க கறுப்பு வயரையெல்லாம் சேத்துக் கட்டுனது தப்பு."

எங்கள் வீட்டிலிருந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லப்பட்ட முதல் குறை அது. அவர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தப்பு? சொல்லு."

சொன்னேன். ரிவர்ஸ் போட்டால் கறுப்பில் பிளஸ் ஓடும் என்பதை ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினேன். இரண்டு முறை கேட்டார். கடைசியில் தலையாட்டிவிட்டு, "ப்யூஸ் எத்தன இழை போட்டிருந்த?" என்றார்.

இப்போது என் முகம் போயிற்று. ரோபோ கிளம்பும்போதெல்லாம் ப்யூஸ் போய்க்கொண்டே இருந்ததால், ஆரம்பத்திலேயே எரிச்சலில் ஒரு பழைய வயரைச் சீவி எட்டு இழைச் செம்பை முறுக்கிப் பீங்கான் ப்யூஸில் போட்டிருந்தேன். அதன் பிறகு அது போகவே இல்லை. ஒரு இழை இருந்திருந்தால் அன்று ஹாலில் அது மட்டும் அறுந்திருக்கும். புகை இல்லை, தீ இல்லை, மணல் இல்லை.

"எட்டு."

"எண்ணிப் பாத்தேன். டிரெஸ்ஸிங் பண்ணுன அன்னிக்கே பாத்தேன்."

"அப்ப ஏன் மச்சான் சொல்லல?"

அவர் கொஞ்சம் சங்கடமாக அடுக்களைப் பக்கம் பார்த்தார். "எட்டு மாசம் கழிச்சு ஒங்க வீட்டுக்கு வந்திருக்கேன். வந்ததும் வராததுமா கொறை கண்டுபிடிக்கான்னு பேராயிரும்லா."

அக்கா உள்ளே ஏதோ பாத்திரத்தைப் பட்டென்று வைத்தாள். மச்சான் என்னிடம் கையை நீட்டினார். கட்டரைக் கொடுத்தேன். இரண்டு வெட்டு. மோட்டாரை மாட்டி ரிவர்ஸ் தட்டினார், பின்னால் சுற்றியது. முன்னால் தட்டினார். மறுபடியும் பின்னால் தட்டினார். கொஞ்ச நேரம் அப்படியே விளையாடிக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் பையத் தூக்கு" என்றார்.

கதவுக்குப் பின்னால் அந்த நீல ரெக்சின் பை இருந்தது. ஹாலிலிருந்து வந்த அன்று வைத்த இடத்திலேயே, பிரிக்காமல், மூன்று வாரமாக. தூக்கினேன், கனமாக இருந்தது.

மூன்று பேரும் டவுன் பஸ்ஸில் வந்து எங்கள் தெருமுனையில் இறங்கினோம். மச்சான் சலாம் சொன்னார், அத்தா பதில் சொன்னார். உட்கார்ந்ததும் மச்சான் நேரடியாகவே கேட்டார். அன்று கறுப்பு வயர் விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது போல.

"மாமா, அந்த மிக்சி பிளக்குல என்ன கொறையின்னு எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டிய?"

அத்தா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "கொறையா? ஒரு கொறையும் இல்ல மாப்பிள்ளை. அவன் கழட்டிப் பாத்துட்டு, இத விட நல்லா ஒருத்தனும் மாட்ட முடியாதுன்னு சொல்லிட்டுப் போனான். இன்னிக்கு வரைக்கும் அதான் ஓடுது."

மச்சான், "அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மாமா" என்றார்.

"சொல்லலாம்தான். சொன்னா, ஆளக் கூப்பிட்டுப் பாத்தது ஒங்களுக்குத் தெரிஞ்சு போயிருமேன்னு..." என்று இழுத்தார் அத்தா.

அக்கா இன்னும் உட்காரவில்லை. என் கையிலிருந்த பையை அப்போதுதான் வாங்கியிருந்தாள். அதைத் தரையில் வைத்தாள்.

"எட்டு மாசம் அத்தா" என்றாள்.

அத்தா அவளைப் பார்க்கவில்லை. அம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.